மன்னார் அக்கா லண்டனுக்குப் போனதாகச் சொன்னார்கள்

அந்தப் புத்தகத்தை நான் வாசித்தேன் என்று சொல்வது சரியில்லை. வாய்விட்டுச் சொன்னேன், அவ்வளவுதான். ஊரில், எங்கள் தீவில், ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. இத்தாலிய எழுத்துகளைப் பலெர்மோவுக்கு வந்தபிறகு பஸ்களின் நெற்றியிலும் மருந்துப் பெட்டிகளிலும் பார்த்துப் பழகினேன். அந்த மொழியில் ஒரு வசதி உண்டு. எழுத்து இருக்கிறபடி சொன்னால் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். ஒரு பக்கத்தைப் பொருள் விளங்காமலே சொல்லி முடிக்கலாம். நான் பார்த்துக்கொண்ட கிழவி அம்மாவுக்கு, சிஞோராவுக்கு, அது போதுமாக இருந்தது.

சிஞோராவின் வீடு சீசா என்கிற பகுதியில், நான்காம் மாடி. கபோ சந்தைக்குப் பக்கத்தில் நெடுங்காலம் பொத்தானும் நூலும் விற்றவர். வயது எண்பதைத் தாண்டியிருந்தது. கண்ணின் நடுப்பகுதி மங்கி, ஓரத்தால் மட்டுமே பார்ப்பார். என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதைப் பார்ப்பார். சமைப்பது, துடைப்பது, மருந்து எடுத்துக்கொடுப்பது, கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போவது எல்லாம் என் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசிப்பதும் என் வேலையாகிவிட்டது. துப்பறியும் கதைகளை இத்தாலியர் ‘ஜாலோ’ என்பார்கள். மஞ்சள் என்று பொருள். சிஞோராவின் அலுமாரியில் மஞ்சளுக்குக் குறைவில்லை. கண் போவதற்கு முன் வாங்கி, வாசிக்காமல் வைத்திருந்த ஒன்றைத்தான் அந்த வருடம் எடுத்துத் தந்தார்.

அமெரிக்காவில் முன்னொரு காலத்தில் நடக்கிற கதை. ஷேக்கர்கள் என்று ஒரு கூட்டம். உடம்பு நடுங்க நடுங்கக் கடவுளைக் கும்பிடுகிறவர்களாம். அவர்களுடைய ஊரில் கலியாணம் கிடையாது. புருஷனும் மனைவியுமாக வந்து சேர்ந்தவர்கள்கூட அதற்குப் பிறகு சகோதரனும் சகோதரியும்தான். ஒரே வீட்டில் ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு ஒரு வாசல். இரண்டு படிக்கட்டுகள். எல்லாம் எல்லாருக்கும் பொது. உட்காருகிற கதிரைகளைக்கூட வேலை முடிந்ததும் சுவரில் ஆணியில் மாட்டிவிடுவார்கள், நிலம் கூட்டுவதற்கு வசதியாக. வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண், தோட்ட விதைகளைச் சிறு பைகளில் போட்டு ஒட்டுகிறவள், ஒருநாள் காணாமல் போகிறாள்.

இதெல்லாம் நானாக விளங்கிக்கொண்டதல்ல. ஒரு பக்கம் முடிந்ததும் சிஞோரா நிறுத்தச் சொல்லி, எனக்குத் தெரிந்த இத்தாலியச் சொற்களில் அதைத் திருப்பிச் சொல்வார். அவர் பேசியது அந்த மொழியில்தான். ஆனால் நினைத்துப் பார்க்கும்போது எனக்கு எங்கள் பேச்சாகத்தான் கேட்கிறது.

“சந்தையிலை மீன் விக்கிற மாதிரி வாசியாதை. ஒருத்தி காணாமல் போட்டாள், விளங்குதோ? கொஞ்சம் பயந்து வாசி.”

“விளங்கினால்தானே சிஞோரா பயப்பிடலாம்.”

“விளங்காட்டிலும் பயப்பிடு. நான் உனக்குச் சம்பளம் தாறன்.”

காலைகளில் அந்த வீட்டுச் சிரிப்பில் மூன்றாவதாக ஒரு குரலும் இருக்கும். மன்னார் அக்கா.

சிஞோராவைக் குளிக்கவைப்பது ஆண்பிள்ளை செய்கிற வேலையில்லை. அதற்காக மன்னார் அக்கா ஒவ்வொரு காலையும் வருவார். ஐம்பது வயதைத் தாண்டியவர், விதவை. பக்கத்துத் தெருவில் நாலைந்து பெண்களோடு ஒரு வீட்டில் இருந்தார். அவருக்கு நீரிழிவு கடுமை. இன்சுலின் ஊசிகளை அந்த வீட்டு பிரிட்ஜில் வைக்க முடியாது, எல்லாருடைய மீனும் இறாலும் அடைத்து அது எந்த நேரமும் நின்றுபோகும் என்பார். அதனால் சிஞோராவின் பிரிட்ஜ் கதவில், ஒரு ஜாம் போத்தலுக்குள், தன் ஊசிகளைச் செருகி வைத்திருந்தார். வந்ததும் குசினியில் என் பக்கம் முதுகைக் காட்டி நின்று வயிற்றில் ஊசியைப் போடுவார். பிறகு சீனியில்லாத கோப்பி.

“தம்பி, உன்ரை கோப்பி குடிக்கிறதுக்குப் பதிலாய் இன்னொரு ஊசி போடலாமடா.”

“நாளைக்கு நீங்களே போடுங்கோ அக்கா.”

“நான் போட்டால் கிழவி என்னை விடமாட்டா. பிறகு உனக்கு வேலை போயிடும்.”

நான் ஆட்களோடு அதிகம் கதைக்கிறவனில்லை. பெண்களோடு இன்னும் குறைவு. மன்னார் அக்காவிடம் மட்டும் அந்தக் கூச்சம் வந்ததில்லை. அவர் என்னைக் கதைக்கச் சொல்லி வற்புறுத்தமாட்டார், தானே இரண்டு பேருக்கும் சேர்த்துக் கதைப்பார்.

ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அவருடைய தொலைபேசி அணைந்திருந்தது. புதன்கிழமை காலை என் மனைவி, தான் வேலைக்குப் போகிற வழியில் வந்து சிஞோராவைக் குளிக்கவைப்பதாகச் சொன்னாள். நான் கேட்காமலே சொன்னாள்.

“அப்ப மன்னார் அக்கா?”

“அவ லண்டனுக்குப் போட்டா.”

“ஆர் சொன்னது?”

“பெரியக்கா சொன்னவ. தமையன் கூப்பிட்டவராம்.”

“ஒரு வார்த்தை சொல்லேல்லையே எங்களுக்கு.”

“ஆரப்பா சொல்லிப்போட்டுப் போறவை? உங்களுக்குத் தெரியாத மாதிரி.”

அவள் சொன்னதில் பிழையில்லை. எங்கள் ஆட்களில் இத்தாலிக் குடியுரிமை எடுத்தவர்கள் ஒவ்வொருவராக இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். இப்போது முன்போல் லேசில்லை என்றாலும் போகிறவர்கள் போகிறார்கள். யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சொன்னால் கண் பட்டுக் காரியம் கெட்டுவிடும் என்று பயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் யாரோ வழக்கமாக உட்காருகிற வாங்கு வெறுமையாக இருக்கும். யாராவது ‘லண்டன்’ என்பார்கள். மற்றவர்கள் ‘ஓம், ஓம்’ என்பார்கள். அதோடு சரி. அதற்கு மேல் கேட்பது பொறாமைப்படுவதுபோல் இருக்கும். இத்தனை வருடத்தில் அப்படிப் போன ஒருவர் உண்மையிலேயே போய்ச் சேர்ந்தாரா என்று யாரும் விசாரித்ததாக எனக்கு நினைவில்லை.

பெரியக்கா யாரென்று சொல்ல வேண்டும். பிரான்காச்சோவில், மாடிக்குடியிருப்புகளுக்குப் பின்னால், முன்பு வாகனம் திருத்துகிற இடமாக இருந்த ஒரு கட்டடத்தை எடுத்துச் செபவீடாக்கி நடத்துகிறவர். கீழே செபம், மேலே சில பெண்கள் தங்குகிற அறைகள். சின்ன உருவம், மெல்லிய குரல். வயதானவர்களும் அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே செபம் உச்சத்துக்குப் போனால் ஆட்களின் உடம்பு நடுங்கும், கால் நிலத்தை அடிக்கும். வாசலுக்குள் கால் வைத்துவிட்டால் புருஷன் பெண்சாதி கிடையாது, எல்லாரும் அண்ணன் தங்கை. ஆண்கள் முன்பக்க ஷட்டருக்குக் கீழால் போக வேண்டும். பெண்களுக்குப் பக்கவாட்டுப் படிக்கட்டு.

நான் இரண்டு தடவை போய்விட்டு நிறுத்திவிட்டேன். மனைவி தொடர்ந்து போனாள். ஏன் என்று எனக்குத் தெரியும். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பங்குக் கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒருத்தி அவளுடைய வயிற்றைப் பார்த்துக்கொண்டே ‘ஒரு விசேஷமும் இல்லையோ?’ என்பாள். நாற்பது தாண்டியும் கேட்டார்கள். செபவீட்டில் யாரும் மனைவியில்லை, யாரும் தாயில்லை. ஆகவே யாரும் கேட்பதில்லை. ஞாயிறு பின்னேரம் அங்கிருந்து வரும்போது அவளுடைய முகம் கழுவித் துடைத்த தட்டுப்போல இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நான் எப்படி மறிப்பது?

புத்தகத்தில் அந்த ஊரைப் பற்றி வாசிக்க வாசிக்க எனக்குச் செபவீடு நினைவில் வந்துகொண்டேயிருந்தது. இரண்டு வாசல், இரண்டு படிக்கட்டு, நடுக்கம். இது எப்படிப் புத்தகம் எழுதியவருக்குத் தெரிந்தது என்று ஒரு நிமிடம் பைத்தியக்காரத்தனமாக நினைத்தேன். சிஞோராவிடம் சொல்லவில்லை.

அடுத்த கிழமை வெயிலோடு ஷிரொக்கோக் காற்று ஆரம்பித்தது. ஆபிரிக்காவிலிருந்து செம்மண்ணை அள்ளிக்கொண்டு வருகிற காற்று. யன்னலைச் சாத்தினாலும் மேசையில் விரலால் எழுதலாம்போல் தூசு படியும். அந்த நாட்களில் யாருக்கும் மனம் சரியாக இருக்காது. சிஞோரா ஷட்டர்களை இறக்கிவிட்டு, விளக்கைப் போட்டு வாசிக்கச் சொன்னார்.

கதையில் விதைப்பை ஒட்டிய பெண்ணைத் தேடி அவளுடைய அக்கா வெளியூரிலிருந்து வந்திருந்தாள். ஊர்ப் பெரியவர்கள் மரியாதையாகக் கதிரையை இறக்கிப் போட்டு, ‘அவள் வெளி உலகத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள்’ என்றார்கள். அந்த ஊரை விட்டு அப்படிப் பலர் சொல்லாமல் போயிருக்கிறார்கள், ஆகவே யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் துணி துவைக்கிற ஒரு வயதான சகோதரிக்கு மட்டும் ஒரு குழப்பம். ஊரில் சேருகிறவர்கள் போட்டுக்கொண்டு வந்த உடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். திரும்பிப் போகிறவர்களுக்கு அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். காணாமல் போனவளின் பச்சைச் சட்டை இன்னும் பரணில் மடித்தபடி இருக்கிறது.

சிஞோரா கைதட்டினார்.

“பிடிச்சாச்சு! உடுப்பில்லாமல் எந்த உலகத்துக்குப் போனவள்? நிப்பாட்டு. தண்ணி கொண்டுவா. நல்ல குளிரானது.”

நான் பிரிட்ஜைத் திறந்தேன். கதவில் ஜாம் போத்தல் இல்லை.

முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். எப்போது வந்தார், யார் திறந்துவிட்டது என்று யோசித்துக்கொண்டே தண்ணீர்ப் போத்தலை இழுத்தேன். உள்ளே, கடைசித் தட்டில், ரிக்கொத்தாப் பாற்கட்டிப் பாத்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு துணி சுற்றியிருந்தது. அதை விரித்தேன். ஊசிகள் எல்லாம் அப்படியே இருந்தன. அந்தத் துணி எங்கள் வீட்டுத் துணி. நீலக் கோடு போட்டது.

“தண்ணிக்குக் கிணறு வெட்டுறியோ அங்கை?” என்று சிஞோரா கூப்பிட்டார்.

நான் போத்தலோடு வந்து நின்றேன். அவர் என் காதைப் பார்த்தார். சொல்லாமல் இருக்க முடியவில்லை. மன்னார் அக்காவின் மருந்து இங்கே கிடக்கிறது என்றேன். துணியைப் பற்றிச் சொல்லவில்லை. சிஞோரா தண்ணீரை வாங்கிக் குடிக்காமல் மேசையில் வைத்தார். காற்று ஷட்டரை ஆட்டிக்கொண்டிருந்தது.

“அவ எனக்குச் சொல்லாமல் போகமாட்டா,” என்றார். “எனக்குக் கோபம் வரட்டும் எண்டாவது சொல்லிப்போட்டுத்தான் போவா. இண்டைக்குப் புத்தகம் காணும்.”

அன்று பின்னேரம் வீட்டில் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே இருந்து நானும் இரண்டு தண்டை எடுத்தேன். எங்களுக்குள் ஏதாவது கதைக்க வேண்டுமென்றால் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும்.

“மன்னார் அக்காவின்ரை மருந்து பிரிட்ஜுக்குள்ளை கிடக்குது.”

“லண்டனிலை மருந்து இல்லையே?”

“எங்கடை துணியாலை சுத்திக் கிடக்குது.”

அவளுடைய கை நின்றது. பிறகு மறுபடி ஆயத் தொடங்கியது, வேகமாக. நல்ல இலையையும் குப்பையில் போட்டாள்.

“அவவுக்கு இனி மருந்து தேவையில்லை,” என்றாள். “சுகமாக்கியாச்சு.”

“லண்டனிலையோ?”

“அப்பா, நீங்கள் உதுக்குள்ளை தலை போடாதேங்கோ. உங்களுக்கு விளங்காது. அவ தானாய்க் கேட்டவ. ஊசி வேண்டாம், விசுவாசம் காணும் எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொன்னவ. நான் பாத்தனான்.”

“எப்ப?”

கீரையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டாள். அந்தக் கிழமை முழுதும் நாங்கள் உப்பு, புளி, பஸ் என்று மட்டும் கதைத்தோம். காலையில் சிஞோராவின் வீட்டில் அவள் குளிப்பறைக்குள் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும். நான் பிரிட்ஜைத் திறந்து பார்ப்பேன். ஊசிகளைப் பழையபடி கதவில் வைத்துவிட்டேன். அடுத்த நாள் அவை அங்கேயே இருந்தன. அவள் தொடவில்லை. அதுவும் எனக்குப் பயமாக இருந்தது.

சிஞோராவுக்கு மட்டும் நடந்ததைச் சொன்னேன். பொலிசுக்குப் போகச் சொன்னார். போய் என்ன சொல்வது? ஒரு பெண்ணைக் காணவில்லை என்றால் யார் சொன்னது என்பார்கள். பெரியக்காவைத் தெரியாத தமிழர் இந்த நகரத்தில் குறைவு. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதிக் கடதாசி புதுப்பிக்க, வீடு தேட, வேலை தேட, எல்லாவற்றுக்கும் அவருடைய வாய்ச்சொல் வேண்டியிருந்தது. என் மனைவியும் இதற்குள் இருக்கிறாள். நான் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.

“உன்ரை பயம் எனக்கு விளங்குது,” என்றார் சிஞோரா. “ஆனால் சீனி வருத்தத்துக்கு உன்ரை பயம் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அந்தச் செபவீட்டுக்குப் போ.”

“ஞாயிறு உங்களோடை ஆர் நிக்கிறது?”

“நான் சாகிறதெண்டால் திங்கட்கிழமை சாகிறன். போ.”

மனைவி காலையிலேயே போய்விட்டாள். நான் பின்னேர பஸ் பிடித்தேன். ஊசிகளை ஐஸ் கட்டியோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்திருந்தேன். வானம் தேநீர் நிறத்தில் இருந்தது. பிரான்காச்சோவில் இறங்கியபோது தெருவில் யாரும் இல்லை. பூட்டியிருந்த பட்டறைகளின் தகரம் காற்றில் அடித்தது. செபவீட்டை நெருங்க நெருங்க வேறொரு சத்தம் அதோடு சேர்ந்தது. நிறையக் கால்கள் ஒன்றாக நிலத்தை மிதிக்கிற சத்தம். பாதி இறக்கியிருந்த ஷட்டர் நடுங்கிக்கொண்டிருந்தது.

நான் ஆண்களின் வாசலுக்குப் போகவில்லை. பக்கவாட்டுப் படிக்கட்டின் அடியில் நின்றேன். யாரோ பார்த்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பெரியக்காவே வந்தார். அவருக்குப் பின்னால் படிகளில் மூன்று நான்கு பெண்கள். அதில் ஒருத்தி என் மனைவி.

“வாங்கோ தம்பி. கன நாளைக்குப் பிறகு. வாசல் அந்தப் பக்கமெல்லோ.”

“மன்னார் அக்காவைப் பாக்க வேணும்.”

“அவ லண்டனிலை.” அந்த முகத்தில் உண்மையான அன்பு இருந்தது. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

“அவவின்ரை மருந்து என்னட்டைக் கிடக்குது.”

“அப்பிடியே? பாவம், மறந்துபோட்டா. தாங்கோ, நான் அனுப்பிவிடுறன்.”

கையை நீட்டினார். என் கை தானாகப் பையை உயர்த்தியது. பெரியவர் கேட்டால் கொடுத்துப் பழகிய கை. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, பாடம் ஒப்புவிக்கிற குரலில் சொன்னாள்:

“அண்ணா, குடுத்திட்டு வீட்டை போங்கோ.”

கலியாணம் செய்து இருபது வருடம் கடந்திருந்தது. ஊர் வழக்கப்படி ‘அப்பா’ என்றே கூப்பிடுகிறவள், முகத்துக்கு எதிரே என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலை குனிந்துவிட்டது. குனிந்ததால்தான் கண்டேன்.

எங்கள் ஆட்கள் எந்த நாட்டில் இருந்தாலும் கும்பிடுகிற இடத்துக்குள் செருப்போடு போகமாட்டார்கள். படிக்கட்டின் அடியில் பெண்களின் செருப்புகளும் சப்பாத்துகளும் வரிசையாகக் கிடந்தன. அன்று வந்தவர்கள் கழற்றியவை. அவற்றில் தூசு இல்லை. ஓரத்தில், சுவரோடு ஒட்டி, ஒரு சோடி மட்டும் செம்மண் மூடிக் கிடந்தது. அகலமான, ஒட்டுப்பட்டி வைத்த சப்பாத்து. நீரிழிவுக்காரருக்கென்று டாக்டர் எழுதிக் கொடுக்கிற வகை. காலைகளில் சிஞோராவின் குசினி வாசலில் நான் பார்த்த சோடி. உள்ளே என்ன மறைத்தாலும், அடுத்தவர் செருப்பைக் கையால் தூக்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. காற்று வீசிய நாளெல்லாம் அது அங்கேயே கிடந்திருக்கிறது. வந்தவர்கள் எல்லாரும் அதற்குப் பக்கத்தில்தான் தங்களுடையதைக் கழற்றியிருக்கிறார்கள்.

“இது அவவின்ரை சப்பாத்து,” என்றேன்.

“புதுசு வாங்கினவ. இதை விட்டிட்டுப் போட்டா,” என்றார் பெரியக்கா.

“அவவுக்கு இது ஒண்டுதான். டாக்டர் எழுதிக் குடுக்கிறது.”

குரல் எனக்கே கேட்காத அளவில்தான் வந்தது. உள்ளே பாட்டும் கால் சத்தமும் நின்றிருந்தன. படியில் நின்ற பெண்களும் அந்தச் சப்பாத்தைப் பார்த்தார்கள், இன்றைக்குத்தான் அங்கே முளைத்ததுபோல. என் மனைவி ஒரு படி இறங்கினாள். பிறகு இன்னொரு படி. குனிந்து அந்தச் சப்பாத்தின் மேலிருந்த மண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அழத் தொடங்கினாள்.

“அப்பா,” என்றாள். “பின்பக்கக் கடைசி அறை. என்னோடை வாங்கோ.”

“தங்கச்சி,” என்றார் பெரியக்கா. அவ்வளவுதான் சொன்னார். அதட்டவில்லை. எங்களை யாரும் கையால் தடுக்கவும் இல்லை. யாரோ உள்ளே மறுபடி பாட்டைத் தொடங்கினார்கள், முன்பைவிட உரத்து. நான் பெண்களின் படிக்கட்டில், சப்பாத்தைக் கழற்றாமல் ஏறினேன்.

அறை இருட்டாக இருந்தது. பழம் அளவுக்கு மிஞ்சிப் பழுத்த மாதிரி ஒரு மணம். இரண்டு பெண்கள் கட்டிலுக்கு இரு பக்கமும் முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருந்தார்கள். மன்னார் அக்கா பாதிக் கண் திறந்தபடி கிடந்தார். உதடு வெடித்திருந்தது. மூச்சு, தூரம் ஓடி வந்தவர்போல ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தது. நான் கூப்பிட்டேன். கண் என் பக்கம் திரும்பவில்லை. அந்த ஊசியைப் போடலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவிதான் அவசர எண்ணுக்கு அடித்து, தனக்குத் தெரிந்த இத்தாலியத்தில் தெருப்பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அம்புலன்ஸ் வந்தபோது பெரியக்கா முன்னால் நின்று வழிகாட்டினார். நல்ல இத்தாலியத்தில், இன்று காலையிலிருந்துதான் சுகமில்லை என்றார். கீழே கூடத்தில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். எல்லாரும் எனக்குத் தெரிந்த முகங்கள். என்னோடு பஸ்ஸில் வருகிறவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஸ்ட்ரெச்சரைப் பிடித்திருந்த இளைஞன் எங்களைப் பார்த்து, “உண்மையிலை எத்தினை நாள்?” என்று கேட்டான்.

“எனக்குத் தெரிய ரெண்டு ஞாயிறு,” என்றாள் என் மனைவி. “அதுக்கு முதல் தெரியாது.”

அக்கா சாகவில்லை. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்று டாக்டர் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினார். நாலாம் நாள் கண் விழித்தபோது நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தோம். அவர் ஒரு பகடி விடுவார், கிழவியைப் பற்றிக் கேட்பார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன்.

“ஆர் உங்களைக் கேட்டது?” என்றார்.

மனைவி அவருடைய கையைப் பிடிக்கப் போனாள். அவர் இழுத்துக்கொண்டார்.

“நான் எல்லாருக்கும் முன்னாலை சொன்னனான், இனி ஊசி இல்லையெண்டு. வாசலைக் கடந்து வந்தனான். என்னை இழுத்துக்கொண்டு வந்து பொய்க்காரியாக்கிப் போட்டியள்.”

விசாரிக்க இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். தானே விரும்பி அங்கே தங்கியதாகவும், தானே ஊசியை விட்டதாகவும், யாரும் தன்னைப் பூட்டி வைக்கவில்லை என்றும் அவர் சொன்னார். லண்டன் என்று ஏன் சொன்னார்கள் என்று கேட்டதற்கு, தான்தான் அப்படிச் சொல்லச் சொன்னதாகச் சொன்னார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள். அதோடு முடிந்தது. அன்றிலிருந்து செபவீட்டுப் பெண்கள் இருவர் இருவராக மாறி மாறிக் கட்டில் பக்கத்தில் நின்றார்கள். எங்களுக்குக் கதிரை விடவில்லை.

சிஞோரா மீதிக் கதையை வாசிக்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். முடிவு தெரியாமல் செத்தால் ஆவியாக வந்து உன்னைத்தான் பிடிப்பேன் என்றார். வாசித்தேன். விதைப்பை ஒட்டிய பெண்ணை யாரும் கொல்லவில்லை. காய்ச்சலில் கிடந்தவளைப் பின்னறையில் வைத்துச் செபித்தார்கள். நோய் வருத்தமே வராத ஊர் என்று வெளியாட்கள் புகழ்ந்த ஊர் அது. அவள் செத்தபோது அதைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஒருவர் சொல்லாததால் அடுத்தவரும் சொல்லவில்லை.

“கொலைகாரன் இல்லாத ஜாலோவோ!” என்று சிஞோரா மேசையில் அடித்தார். “இதை எழுதினவன் ஆர்? என்ரை காசைத் திருப்பித் தரச்சொல்லு!”

நான் புத்தகத்தை அலுமாரியில் வைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்ட அன்று பெரியக்கா வாகனத்தோடு வந்திருந்தார். மன்னார் அக்காவுக்குத் தானாக நடக்க முடியவில்லை. கண்ணும் முன்போல் இல்லை. எங்கள் வீட்டில் ஒரு அறை ஒதுக்கி வைத்திருக்கிறோம் என்று மனைவி சொன்னாள். அக்கா அவளைத் தாண்டிப் பார்த்து, பெரியக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மருந்துச் சீட்டும் ஊசிகளும் இருந்த பையைப் பெரியக்கா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். இம்முறை கொடுக்காமல் இருக்க எங்களுக்கு வழியில்லை.

இப்போது எங்களோடு அதிகம் பேர் கதைப்பதில்லை. கபோவில் எதிரே வருகிறவர்கள் தக்காளி பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்வார்கள். எனக்கு அது பெரிதில்லை, நான் எப்போதும் அப்படித்தான். மனைவிக்குக் கஷ்டம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் பிரான்காச்சோ பஸ் ஏறுகிறாள். சில ஞாயிறு நானும் போவேன். செபவீட்டுக்கு எதிர்ப்பக்கம், மூடிய பட்டறை ஒன்றின் நிழலில் நிற்போம். மேல்மாடிப் பல்கனிக்கு மன்னார் அக்காவைக் கொண்டுவந்து ஒரு கதிரையில் இருத்துகிறவரை அவள் அங்கிருந்து அசையமாட்டாள். கூப்பிடுவதில்லை. கை காட்டுவதுமில்லை. இன்னும் இருக்கிறார் என்று கண்ணால் கண்டதும் பஸ்தரிப்புக்கு நடப்பாள்.

போன ஞாயிறு நாங்கள் நெடுநேரம் நின்றோம். பல்கனிக் கதவு கடைசிவரை திறக்கவில்லை. மனைவி தெருவைக் கடந்து போய் அந்தப் படிக்கட்டின் அடியில் இருந்த கதவைத் தட்டினாள்.